சாந்தில்லாத கோபுரங்கள்

ஒரு லெகோ கட்டை எவ்வளவு பாரம் தாங்கும் என்று 2012-இல் இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்தார்கள். பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்காக, அந்நாட்டின் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் நான்கு குமிழ் கொண்ட சின்னக் கட்டையை எந்திரத்தில் வைத்து அழுத்தினார்கள். கட்டையின் எடை 1.152 கிராம். அது வெடித்துச் சிதறவில்லை. சுமார் 4,240 நியூட்டன் விசை ஏறியதும் மெல்ல இளகிப் பிதுங்கியது. எடைக்கணக்கில் 432 கிலோ. வகுத்துப் பார்த்தால், ஒரு கட்டை தன் தலைமேல் 3,75,000 கட்டைகளைச் சுமக்கும். அவற்றை ஒற்றை வரிசையாக அடுக்கினால் உயரம் சுமார் 3.5 கிலோமீட்டர்.

அதே ஆண்டில் தென்கொரியாவின் சியோல் நகரில் உலகசாதனைக்காக ஒரு லெகோ கோபுரம் எழுப்பினார்கள். அதன் உயரம் 31.9 மீட்டர். அதற்குப் பிறகு ஐந்தாண்டு ஊருக்கு ஊர் போட்டி போட்டுக் கட்டியும் எந்தக் கோபுரமும் 36 மீட்டரைத் தொடவில்லை. ஒரு கட்டைக்குள் இருக்கும் வலிமையில் நூறில் ஒரு பங்கைத்தான் மனிதர்களால் உயரமாக மாற்ற முடிந்திருக்கிறது. மீதி 99 பங்கு எங்கே போனது? இதற்குப் பதில் அந்தக் கட்டை பிறந்த விதத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். பிரம்மாண்ட லெகோ கட்டுமானங்களின் கதையை டென்மார்க்கின் பில்லுண்ட் கிராமத்தில், ஒரு தச்சுப் பட்டறையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென் 1916-இல் அந்தப் பட்டறையை வாங்கினார். வீடு கட்டித் தருவது, மரச்சாமான் செய்வது அவர் தொழில். 1924-இல் அவருடைய சிறு பிள்ளைகள் மரச்சீவலில் வைத்த நெருப்பு பட்டறையோடு வீட்டையும் எரித்தது. அவர் திரும்பக் கட்டினார். பொருளாதாரப் பெருமந்தத்தில் வீடு கட்ட ஆள் வராமல் போனபோது, 1932-இல் மரப்பொம்மை செய்ய இறங்கினார். 1942-இல் தொழிற்சாலை மறுபடி எரிந்தது. மறுபடியும் கட்டினார். போர் முடிந்ததும் 1946-இல் இங்கிலாந்திலிருந்து பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரம் ஒன்றை வாங்கினார். மரத்தைத் தவிர வேறெதையும் தொட்டறியாத ஒரு தச்சர் தன் ஐம்பத்தைந்தாவது வயதில் எடுத்த முடிவு அது. வீட்டாரும் கணக்கு பார்ப்பவர்களும் பயந்திருந்தால் அதில் வியப்பில்லை.

எந்திரத்தோடு சில மாதிரிக் கட்டைகளும் அவர் கைக்கு வந்தன. அவை இங்கிலாந்துக்காரர் ஹிலரி ஃபிஷர் பேஜ் உருவாக்கியவை. குழந்தைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து கவனித்து, கிடிகிராஃப்ட் என்ற தன் நிறுவனத்துக்காக, தலையில் குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டையை அவர் வடிவமைத்திருந்தார். பில்லுண்டில் 1949-இல் வெளிவந்த கட்டை அந்த மாதிரியைச் சற்றுத் திருத்திச் செய்ததுதான். பேஜ் 1957-இல் இறந்துபோனார். கிடிகிராஃப்ட் கட்டையின் உரிமையை லெகோ நிறுவனம் விலைகொடுத்து வாங்கியது 1981-இல். இன்று எந்த நகரச் சதுக்கத்தில் எந்தச் சாதனைக் கோபுரம் எழுந்தாலும், அதன் முதல் வரிசைக் கட்டையில் பேஜின் பங்கு இருக்கிறது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவர் பெயரை விட்டுவிட்டுச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் 1949-இன் கட்டையைக் கொண்டு பெரிதாக ஒன்றும் கட்டியிருக்க முடியாது. அது அடியில் வெறும் கூடு. மேல்கட்டையின் சுவர்கள் கீழ்க்கட்டையின் குமிழ்களை ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். அடுக்கி வைத்தால் நிற்கும். கையில் எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கப் போனால் உதிர்ந்துவிடும். கடைகளில் விற்பனையும் மந்தம்தான்.

ஓலேவின் மகன் கோட்ஃப்ரெட் 1954-இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில், ஒரு பெரிய பல்பொருள் அங்காடியின் பொம்மைப் பிரிவு மேலாளரோடு பேசிக்கொண்டு போனார். இன்றைய பொம்மைகளில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பே இல்லை, ஒழுங்கான முறை என்று ஏதுமில்லை என்று அந்த மேலாளர் குறைப்பட்டுக்கொண்டார். கோட்ஃப்ரெட் ஊர் திரும்பித் தங்கள் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இந்தக் கட்டையைச் சுற்றித்தான் அப்படியொரு முறையை உண்டாக்க முடியும் என்று முடிவுசெய்தார். அடுத்த ஆண்டே வீடு, தெரு, வண்டி என்று ஒன்றோடொன்று சேரும் தொகுப்புகள் வந்தன. ஒரு பெட்டியின் கட்டை அடுத்த பெட்டியின் கட்டையோடு சேரும் என்ற அந்த உறுதி இல்லாவிட்டால், ஆயிரம் வீடுகளிலிருந்து கட்டைகளை வாங்கி ஒரே கோபுரமாக அடுக்குவது பிற்காலத்தில் நடந்திருக்காது.

பிடிக்காத கட்டை பிடிக்காமலேதான் இருந்தது. ஜெர்மனியில் விற்பனை தொடங்கியதும் புகார்கள் வந்தன. 1958 ஜனவரியில் கோட்ஃப்ரெட்டும், ஜெர்மன் கிளையின் தலைவர் ஆக்செல் தாம்செனும் இதற்கு வழி தேடி உட்கார்ந்தார்கள். கூட்டின் உள்ளே என்ன வைத்தால் குமிழைக் கவ்வும் என்று பலவிதமாக வரைந்து பார்த்தார்கள். கடைசியில் பிடிபட்டது ஓர் எளிய வடிவம். எட்டுக் குமிழ் கட்டையின் வயிற்றுக்குள் மூன்று குழல்கள். ஜனவரி 28 மதியம் 1:58-க்கு கோபன்ஹேகனில் காப்புரிமை விண்ணப்பம் பதிவானது.

அந்தக் குழல் செய்வது என்ன என்பதை ஒரு கட்டையைத் திருப்பி வைத்துப் பார்த்தாலே தெரியும். மூலையில் நுழையும் குமிழை இரண்டு பக்கச் சுவர்களும் ஒரு குழலும் தொடுகின்றன. நடுவில் நுழையும் குமிழை ஒரு சுவரும் இரண்டு குழல்களும் தொடுகின்றன. எங்கே நுழைந்தாலும் மூன்று இடத்தில் பிடி. குமிழ், தனக்கு விட்ட இடத்தைவிட மயிரிழை பெரியது. அழுத்தும்போது சுவர் கண்ணுக்குத் தெரியாத அளவு விரிந்து கொடுத்து, பிறகு பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கிறது; அந்த முயற்சிதான் பிடி. 1963-இல் செல்லுலோஸ் அசிடேட்டை விட்டு, வளைந்து திரும்பும் குணமும் அளவு மாறாத குணமும் உள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு மாறியதும் அந்தப் பிடி நிலைத்தது. 1958-இன் கட்டை இன்றைய கட்டையோடு சேர்வதற்குக் காரணம், அச்சு வார்ப்பில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை கடைப்பிடிக்கும் துல்லியம்.

ஓலே கிர்க் 1958 மார்ச் மாதம் காலமானார். 1960-இல் மரப்பொம்மைக் கிடங்கு தீப்பிடித்தபோது, மகன் மரத்தையே கைவிட்டுவிட்டார்.

கட்டையின் பிடி இருக்கட்டும். அதைக் கொண்டு ஆள் உயரத்துக்கும் மேலே ஏதாவது செய்யலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? என் கணிப்பில் அந்தப் பெருமை டாக்னி ஹோல்ம் என்ற பெண்ணுக்குச் சேர வேண்டும். கோட்ஃப்ரெட்டுக்கு உறவில் சகோதரி. கோபன்ஹேகனில் ஹரால்ட் இசென்ஸ்டைன் என்ற சிற்பியிடம் சிற்பம் படித்தவர். களிமண்ணில் கைவைத்துப் பழகிய அவர் 1961-இல் பில்லுண்டுக்கு வந்து, கடைக் கண்காட்சிகளுக்காகக் கட்டைகளில் உருவங்கள் செய்யத் தொடங்கினார். அதுவரை அந்தக் கட்டை, வீடும் சுவரும் கட்டுவதற்கானது. எல்லாமே நேர்கோடு, எல்லாமே செங்கோணம். அவர் அதில் மிருகங்களையும் மனிதர்களையும் செய்தார். கன்னத்து வளைவும் முதுகின் சரிவும் செங்கோணக் கட்டையில் எப்படி வரும்? ஒவ்வொரு வரிசையையும் கீழ்வரிசையைவிட ஒரு குமிழ் உள்ளே தள்ளி, அல்லது வெளியே தள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். கிட்டப் போனால் படிப்படியாகத் தெரியும். தள்ளி நின்றால் வளைவாகத் தெரியும். உருவம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மென்மையாக வளைவு வரும். பெரிதாகக் கட்டவேண்டிய தேவை இங்கேதான் பிறக்கிறது. சாதனைக்காக அல்ல. சிறிய அளவில் ஒரு முகம் முகமாகவே வராது என்பதற்காக.

அந்த உருவங்களைப் பார்க்கவே பில்லுண்டுக்கு ஆள் வந்தது. 1960-களில் தொழிற்சாலையைச் சுற்றிப்பார்க்க ஆண்டுக்கு சுமார் 20,000 பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கவனிப்பதே தனி வேலையானது. உருவங்களை வெளியே ஒரு திடலில் வைத்துவிட்டால் என்ன என்று கோட்ஃப்ரெட் யோசித்தார். அந்த யோசனை வளர்ந்து 1968 ஜூன் 7-இல் லெகோலாந்து ஆனது. முதல் பருவத்திலேயே 6,25,000 பேர் வந்தார்கள். உள்ளே இருந்த குட்டி நகரங்களும் உருவங்களும் டாக்னியும் அவர் பழக்கிய குழுவும் கட்டியவை. 1986-இல், எழுபது வயதில்தான் அவர் ஓய்வுபெற்றார்.

திறந்தவெளி வந்ததும் கட்டையின் கதையில் ஒரு பெரிய மாற்றமும் வந்தது. வெயில், மழை, பனி, காற்று எல்லாம் பிடியைச் சோதிக்கும். எனவே பூங்காவில் வைக்கும் உருவங்களுக்குப் பசை போட்டார்கள். டென்மார்க் கலைஞர் பியோர்ன் ரிக்டர் 1974-இல் அமெரிக்காவின் ரஷ்மோர் மலை முகங்களை 15 லட்சம் கட்டைகளில் அங்கே எழுப்பினார். லகோட்டா பழங்குடித் தலைவர் சிட்டிங் புல்லின் உருவத்தையும் அவரே செய்தார். தலை இறகு வரை 7.6 மீட்டர். மிகப் பெரிய லெகோ சிலை என்று பல ஆண்டுகள் கின்னஸ் புத்தகத்தில் இருந்தது அது. கட்டைகள் ஒவ்வொன்றாகப் பசையிட்டு ஒட்டப்பட்டவை.

பசை போட்ட கட்டையை இனிக் கழற்ற முடியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெரிதாகக் கட்ட நினைத்த எல்லோரும் வந்து நின்ற முச்சந்தி இது. 1958-இல் தேடிக் கண்டுபிடித்த பிடிக்கு இரண்டு கடமைகள் இருந்தன. கட்டியது உதிரக் கூடாது. அதே சமயம் நான்கு வயதுக் குழந்தையின் விரலுக்கு அது கழன்று வரவும் வேண்டும். 3.5 கிலோமீட்டர் கணக்கு இந்த இடத்தில்தான் உடைகிறது. நசுங்காமல் பாரம் தாங்குவது பிளாஸ்டிக்கின் வலிமை. உயரமான தூண் காற்றில் லேசாகச் சாயும்போது ஒரு பக்கம் நசுங்கப் பார்க்கும், மறுபக்கம் பிரியப் பார்க்கும். பிரியும் பக்கத்தைப் பிடித்து வைத்திருப்பது குமிழுக்கும் குழலுக்கும் இடையே உள்ள உரசல் மட்டுமே. அந்த உரசலைக் குழந்தையின் விரலுக்கு ஏற்ற அளவில்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மூர்க் கொத்தனார் செங்கல் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். ஒரு நூல் வெளியே போயிருந்தால் அடுத்த வரிசையில் சாந்தைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டிவிடுவார். பிழையை விழுங்கும் இடம் சாந்து. லெகோவில் சாந்தில்லை. ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், 35 மீட்டர் கோபுரத்தில் சுமார் 3,650 வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் ஒரே பக்கத்தில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடித்திருந்தால்கூட, உச்சியில் இருபக்க உயரத்துக்கும் மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அந்த வித்தியாசம் கோபுரத்தைச் சாய்க்கும். எங்கேயும் அதைச் சரிக்கட்ட முடியாது.

பெரிதாகக் கட்டுவதற்கு இதனால் இரண்டு வழிகள் உண்டாயின. ஒன்று, உள்ளே வேறொன்றை எலும்பாக வைப்பது. 2013 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் நின்ற ‘ஸ்டார் வார்ஸ்’ போர்விமானம் இந்த வழியின் பெரிய சாதனை. கடையில் விற்ற ஒரு பொம்மைத் தொகுப்பை 42 மடங்காகப் பெருக்கியது. 53,35,200 கட்டைகள், இறக்கையின் அகலம் 13 மீட்டருக்கு மேல், எடை 20 டன்னுக்கு மேல். செக் குடியரசின் க்ளாட்னோவிலுள்ள லெகோ பட்டறையில் 32 பேர் நான்கு மாதம் உழைத்துக் கட்டினார்கள். பாரத்தைச் சுமந்தது உள்ளே வைத்த எஃகுச் சட்டகம். 2016-இல் இங்கிலாந்தில் லேண்ட் ரோவர் நிறுவனம் புதுக் கார் அறிமுகத்துக்காக 58,05,846 கட்டைகளில் லண்டன் டவர் பிரிட்ஜின் வடிவத்தை எழுப்பி அந்த எண்ணிக்கையைத் தாண்டியது. மறு ஆண்டு பில்லுண்டில் திறந்த லெகோ ஹவுஸின் நடுவே 15 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மரத்தில் 63,16,611 கட்டைகள். கட்ட ஆன நேரம் 24,350 மணி. இவற்றைச் செய்த கைகளின் திறமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ஒவ்வொன்றிலும் கட்டை தோலாகத்தான் இருக்கிறது.

இந்த முதல் வழியிலும் மனத்தைத் தொடும் ஒரு முயற்சி உண்டு. 2009-இல் பிபிசி தொடருக்காக ஜேம்ஸ் மே என்ற தொலைக்காட்சியாளர், இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் 33 லட்சம் கட்டைகளில் மனிதர் தங்கும் வீடு கட்டினார். சுமார் ஆயிரம் தன்னார்வலர்கள், குழந்தைகளும் பெரியவர்களுமாக வந்து, சின்னக் கட்டைகளைச் சேர்த்துப் பெரிய பெரிய செங்கல்லாக்கிக் கொடுத்தார்கள். உள்ளே மரச்சட்டம் தாங்கியது. கழிப்பறையும் வெந்நீர்க் குளியலும் உண்மையாகவே வேலை செய்தன. கட்டையால் ஆன கட்டிலில் அவர் ஓர் இரவு படுத்தும் பார்த்தார். அறுவடைக்குத் தோட்டக்காரருக்கு நிலம் திரும்ப வேண்டியிருந்தது. வீட்டை வேறிடத்துக்கு எடுத்துப்போக ஆகும் செலவை ஏற்க ஆள் கிடைக்கவில்லை. செப்டம்பரில் பிரித்துவிட்டார்கள். கட்டைகள் அறப்பணிக்குப் போயின.

இரண்டாவது வழி, சியோலில் தொடங்கிச் சொன்ன உயரக் கோபுரங்கள். எனக்கு மனத்துக்கு நெருக்கமானவை இவைதான். இங்கே கட்டுவது தேர்ந்த பட்டறைக்காரர்கள் இல்லை, ஊர்ப் பிள்ளைகள். தரையில் மேசைகள் போட்டு, பிள்ளைகள் உள்ளீடற்ற சிறு பெட்டிகளைப் போல ஒவ்வொரு துண்டாகக் கட்டித் தருவார்கள். கிரேனில் ஏறிய ஆட்கள் அவற்றை மேலே கொண்டுபோய் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். சாயாமலிருக்க நாலாபுறமும் கம்பி இழுத்துக் கட்டுவார்கள். உயர உயர காற்றைப் பார்த்துத்தான் வேலை நடக்கும். சியோல் கோபுரத்தின் கடைசிக் கட்டையை வைத்தவர் அப்போது டென்மார்க்கின் இளவரசராக இருந்த ஃபிரெடெரிக், இன்றைய மன்னர்.

அந்த ஆண்டே செக் தலைநகர் பிராகா 32.5 மீட்டருக்குப் போனது. 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் ஒரு பள்ளி மாவட்டத்தின் மாணவர்கள் சுமார் 5 லட்சம் கட்டைகளில் 34.43 மீட்டரை எட்டினார்கள். ஒரு நகரமோ நிறுவனமோ இல்லாமல் பள்ளிக்கூடங்கள் சேர்ந்து செய்த சாதனை அது. 2014 மே மாதம் ஹங்கேரியின் புடாபெஸ்ட், புனித ஸ்டீபன் பேராலயத்துக்கு முன்னால், தங்கள் நாட்டுக் கண்டுபிடிப்பான ரூபிக் கனசதுரத்தையும் கட்டையிலேயே செய்து உச்சியில் வைத்து 34.76 மீட்டர். 2015 ஜூனில் இத்தாலியின் மிலான் 35.05 மீட்டர். புடாபெஸ்டும் மிலானும் தங்களுக்கு முந்தைய சாதனையை முந்தியது வெறும் முப்பது சென்டிமீட்டர் கணக்கில். இலக்கை வேண்டுமென்றே சிறிதாக வைத்தார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பசையும் எலும்பும் இல்லாமல் குழந்தை கட்டிய துண்டுகளை அந்த உயரத்தில் அடுக்கும்போது, ஒவ்வொரு முப்பது சென்டிமீட்டரும் அந்தச் சின்னக் குழலிடம் கேட்டு வாங்க வேண்டியது.

இந்தக் கோபுரங்கள் நிற்பது சில நாள்தான். பிறகு பிரிப்பார்கள், கட்டைகள் மறுபடி கட்டைகளாகிவிடும். பசை போட்ட சிலைகளால் இது முடியாது.

2017 டிசம்பரில் இஸ்ரேலின் டெல் அவீவ் நகரத்து ராபின் சதுக்கத்தில் எழுந்த கோபுரம், புற்றுநோயால் எட்டு வயதில் இறந்துபோன ஒரு சிறுவனின் நினைவாகக் கட்டப்பட்டது. நோயோடு போராடிய நாட்களில் அவன் லெகோ கோபுரங்கள் கட்டுவதை விரும்பியவன். நகரவாசிகள் தங்கள் வீட்டிலிருந்த கட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 5 லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. எந்தப் பெட்டியில் எந்த ஆண்டு வாங்கியது என்று யாரும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை; எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தன. கோபுரம் 35.95 மீட்டர் வந்தது, மிலானைவிட 90 சென்டிமீட்டர் அதிகம்.